பின்னறையில் அடை கிடந்தவள்

2004 மே 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சவரம் செய்து குளித்தேன். பின்னறைக் கதவைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்து, கதவில் தொங்கிய அட்டையில் எழுதினேன். முப்பத்தொரு பாகை. அதற்குப் பிறகுதான் கீழே போய்த் தேநீர் வைத்தேன். பாண் துண்டுக்குத் தொட்டுக்கொள்ள முந்தைய நாள் சம்பல் இருந்தது. அலுவலகத்துக்கு லீவு சொல்லியிருந்தாலும் அலுவலகச் சட்டையையே போட்டுக்கொண்டேன். பத்து மணிக்குக் கவுன்சிலிலிருந்து வீடு பார்க்க ஆள் வருவதாக இருந்தது.

அந்த வெப்பமானி என்னுடையதல்ல. பெட்டியும், அதற்குள் கிடந்த பதின்மூன்று அடி மலைப்பாம்பும், அது சுற்றிப் படுத்திருந்த முட்டைகளும் என்னுடையவை அல்ல. எல்லாம் அண்ணையுடையவை. அறை மட்டும் என்னுடையது.

அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில், அந்த வரிசை வீட்டை நானும் அவருமாகச் சேர்ந்து வாங்கினோம். தனித்தனியே எங்கள் சம்பளத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது, சேர்ந்தால் தரும். அப்படி வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் எங்களுக்குள் நிறையப் பேர். மேலே மூன்று அறைகள். தெருப்பக்கத்துப் பெரிய அறை வயதில் மூத்தவர் என்று அவருக்கு. தோட்டப்பக்கத்துப் பின்னறை எனக்கு. கொழும்பில் இருந்த என் மனைவியும் மகளும் வந்தால் நாங்கள் இருப்பதற்கு. அவர்கள் வரும்வரை எனக்கெதற்கு என்று இடையில் இருந்த சின்ன அறையிலேயே நான் படுத்தேன். வினை அங்கேதான் தொடங்கியது.

"தம்பி, உம்மட பின்னறை சும்மாதானே கிடக்குது," என்றார் ஒரு நாள். "வெய்யில் படுற அறை. உங்கட ஆக்கள் வரேக்குள்ள எடுத்துப்போடுவன்."

நான் ஓம் என்றேன். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார் என்று நினைத்தேன். ஒரு பெட்டியைத்தான் கொண்டுவந்தார். அதைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அவர் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் அதிகாலை ஷிப்ட் செய்தார். மெலிந்த மனிதர். ஐம்பது கடந்தவர். கம்பளிச் சட்டையின் கைகளை எப்போதும் முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். பாம்புக்குக் காது இல்லை என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்; ஆனாலும் அந்த அறைக்குள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். குடும்பத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பாம்பு வந்த கதையை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பு தோர்ண்டன் ஹீத்தில் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்கார மாணவன் இருந்தானாம்.

"அவன் வீடு மாறேக்குள்ள கட்டிலைக் கொண்டு போனான், ரிவியைக் கொண்டு போனான், செருப்புக்கூட விடேல்லை. இவளை விட்டுட்டுப் போட்டான். என்ர கைவிரல் தடிப்புத்தான் அப்ப. லைட்டையும் நிப்பாட்டிப்போட்டுப் போயிருக்கிறான், படுபாவி."

இந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். வேறு எதற்கும் உயர்ந்து நான் கேட்டதில்லை. போரைப் பற்றிப் பேசினால்கூட, "அது நடந்தது," என்பதோடு நிறுத்திவிடுவார்.

அவர் சுத்த சைவம். அவருடைய பாம்புக்கு உறைந்த முயல்கள் கராஜில் ஒரு பெரிய பிரீஸர் நிறைய இருந்தன. வெள்ளிக்கிழமைகளில் முயல் உருகாது. "வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள மச்சமாமிசம் எடுக்கிறேல்லை," என்பார். அந்தப் பாம்பு என்னைவிட ஒழுங்காக வெள்ளி விரதம் பிடித்தது. எனக்கு மீன்பொரியல் ஆசை வந்தால் நான் வேலை முடிந்து கடையிலேயே தின்றுவிட்டு வர வேண்டும்.

பெரிய பாம்புக்குச் சாப்பாடு போடும்போது தனி ஆளாக நிற்கக் கூடாது என்பது பாம்பு வளர்ப்பவர்களின் விதி. அந்த இரண்டாவது ஆள் நான். அவர் நீண்ட இடுக்கியால் முயலை நீட்டுவார். நான் கதவோரம் ஒரு கையில் கம்பளிப் போர்வையும் மறு கையில் பிராந்திப் போத்தலுமாக நிற்பேன். ஆளைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் பாம்பின் வாயில் ஊற்றுவதற்கு அந்தப் பிராந்தி. ஒருமுறை என் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குசினி அலுமாரியில் அதைக் கண்டு ஆசையோடு எடுத்தார்.

"அண்ணை, ஒரு துளி ஊத்தட்டோ?"

"பாம்பு உம்மைப் பிடிச்சா ஊத்துவம், பொறும்," என்று அண்ணை வாங்கி வைத்துவிட்டார். நண்பர் பிறகு வரவேயில்லை.

இதெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாமல் போனது, அவர் குட்டிகளை விற்ற விதம். விற்காத விதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

தோர்ண்டன் ஹீத்தில் பாம்பு வளர்க்கும் இன்னொருவர் இருந்தார். குளிர்காலத்தில் அவரிடமிருந்து ஆண் பாம்பு ஒரு பெரிய தலையணை உறைக்குள் வரும், சில வாரம் தங்கும், திரும்பிப் போகும். "மாப்பிள்ளை வந்திட்டார்," என்பார் அண்ணை. முதல் தடவை இருபத்துச் சொச்சம் குட்டிகள் பொரித்தன. எல்லாவற்றையும் விற்றுவிடுவேன் என்றார். கேட்டு வந்தவர்களுக்கும் குறைவில்லை. வந்தவர்களைக் கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, அண்ணை தன் ஆங்கிலத்தில் தொடங்குவார்.

"ஓன் ஹவுஸ் ஆர் ரென்ட்?"

"மேரேஜ்? வைஃப் லைக் ஸ்னேக்?"

"லாஸ்ட் ஹவுஸ், வை யூ லீவ்?"

தமிழர் யாராவது வந்தால் இன்னும் மோசம். "கனடாவுக்குப் போற எண்ணம் ஏதும் இருக்கோ?" என்பார். லண்டனில் அந்த எண்ணம் இல்லாத தமிழர் யார் இருக்கிறார்? பெண் கொடுக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். இத்தனைக்கும் பதில் சரியாக இருந்தால் அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும். கார் என்னுடையது. அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு முன்னால் இருப்பார். குட்டி, பிளாஸ்டிக் பெட்டிக்குள், அவர் மடியில்.

டாகன்ஹாமில் ஒரு பெடியனை மறக்க முடியாது. இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு, பூட்டு எல்லாம் முன்கூட்டியே வாங்கித் துடைத்து வைத்திருந்தான். எங்களுக்கு பிஸ்கட் அடுக்கி வைத்தான். அண்ணை முதலில் ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு யன்னல் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"லேண்ட்லோர்ட் நோ?"

பெடியன் கொஞ்சம் தயங்கினான். இன்னும் சொல்லவில்லை, சொல்வேன் என்றான். அண்ணை எழுந்துவிட்டார். தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. பெடியன் கதவு வரை வந்து என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று.

காரில் எனக்கு அடக்க முடியவில்லை. "நல்ல பெடியன் அண்ணை. எவ்வளவு ஆசையா வச்சிருந்தவன்."

"நல்ல பெடியன்தான். ஆர் இல்லையெண்டது? வீடு அவன்ர இல்லை. நாளைக்கு எழும்பு எண்டு சொன்னா எழும்பத்தானே வேணும்? இது எங்க போறது?"

"அப்பிடிப் பாத்தா ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது."

"ஏலாட்டி வச்சிருப்பம்," என்றார், ஏதோ வீட்டில் மிஞ்சிய பழத்தைச் சொல்வதுபோல.

வைத்திருந்தார். எங்கே? என் அறையில். தட்டுத் தட்டாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். அவர் ஷிப்டுக்குப் போன காலைகளில் அத்தனைக்கும் பொறுப்பு நான்.

செய்தி பரவி, சனங்களும் வரத் தொடங்கினார்கள். அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மா செம்பில் பாலும் இரண்டு முட்டையும் கொண்டு வந்தார். மகளின் சாதகத்தில் நாகதோஷமாம், சம்பந்தம் ஒன்றும் சரிவரவில்லையாம். கண்ணாடிப் பெட்டியில் குங்குமம் வைக்கப் போனார்.

"அம்மா, அம்மா, கண்ணாடியில பூசாதேங்கோ. இது நாகம் இல்லை, வெங்கிணாந்தி, மலைப்பாம்பு. பர்மாப் பக்கத்துச் சாமான். உங்கட தோசம் இதுக்குத் தெரியாது."

"பாம்புதானே, ஐயா? சொல்லிவிடாதோ?"

"இது ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. பாலை வச்சிட்டுப் போங்கோ, தேத்தண்ணிக்கு உதவும்."

அந்தப் பாலில் நாங்கள் தேநீர் குடித்தோம். அந்த மகளுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது. அம்மா பலகாரத் தட்டோடு வந்தார், அண்ணை எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த ஆண்டு தை மாதம் என் விசா வேலை தொடங்கியது. மனைவியையும் பிள்ளையையும் அழைக்க வேண்டுமானால் அவர்கள் இருக்க வீட்டில் போதிய இடம் உண்டு என்று காட்ட வேண்டும். வீட்டை வந்து பார்த்து ஓர் அறிக்கை தருவார்கள். அதை வைத்துத்தான் விண்ணப்பம். மகளை நான் நாலு வயதில் விட்டுவிட்டு வந்தவன். அப்போது அவளுக்குப் பத்து. தொலைபேசியில் பேசினால், பாடசாலையில் ஆங்கில வாசிப்புக்கு எழுந்து நிற்பவள்போலப் பேசுவாள்.

மாசியில் அண்ணையிடம் சொன்னேன். "அறையை எடுக்க வேணும் அண்ணை."

"இப்ப ஏலாது தம்பி. அவள் பிள்ளைத்தாச்சி. பிள்ளைத்தாச்சியை அலைக்கிறதே?"

பங்குனியில் சொன்னேன். இன்றைக்கோ நாளைக்கோ முட்டை போடுவாள் என்றார். சித்திரையில் அது முட்டை போட்டது. போட்டதும் எல்லாரும் செய்வதுபோல முட்டைகளை எடுத்துச் சூட்டுப் பெட்டி ஒன்றில் வைத்துவிட்டு, பாம்பைத் தோர்ண்டன் ஹீத்துக்கு அனுப்பலாம் என்று நானே விசாரித்து வைத்திருந்தேன். அங்கே பாம்பு வளர்ப்பவரும் சம்மதம். சூட்டுப் பெட்டியையும் அவரே தருகிறார். என் காரும் தயார். அண்ணை என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பாம்பு முட்டைக் குவியலைச் சுற்றி மூடி, மேலே தலையை வைத்திருந்தது. "உத்துப் பாரும்," என்றார். பார்த்தேன். உடம்பு விட்டுவிட்டு ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. விக்கல் எடுத்தவர் போல.

"குளிரெண்டு நினையாதையும். நடுங்கி நடுங்கித் தன்ர உடம்பைச் சூடாக்குது. முட்டைக்கு. இரண்டு மாசம் சாப்பிடாது, அசையாது. அடை கிடக்கிறவளை எழுப்பக் கூடாது தம்பி."

"அண்ணை, இதை நான் மாசியிலேயே சொன்னனான். எழுதி வச்சிருக்கிறன், காட்டட்டோ?"

"காட்ட வேண்டாம். சொன்னனீர்தான்."

அவ்வளவுதான். மறுத்தால் சண்டை பிடிக்கலாம். ஒத்துக்கொள்கிற மனிதரை என்ன செய்வது? அந்த வாரம் முழுக்க என் நாட்குறிப்பில் 'பேசிப் பயனில்லை' என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மனைவி கேட்டாள். "அந்தப் பாம்பு போயிட்டுதோ?"

"போகும்."

"போன பிறகு சொல்லுங்கோ. நான் அதுக்குப் பிறகு பெட்டி அடுக்கிறன்." பிறகு, "உங்களுக்கு எங்களைக் கூப்பிட விருப்பம்தானே?" என்றாள். ஆறு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை நான் அண்ணையிடம் சொல்லவில்லை. சொன்னால், "ஓம், கேப்பாதானே," என்பார்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கண்ணாடிப் பெட்டியைப் படுக்கை விரிப்பால் மூடினேன். குட்டிகள் இருந்த தட்டுக்குத் திரை கட்டினேன். அண்ணையிடம் முதல் நாளே கெஞ்சிச் சொல்லியிருந்தேன்: வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வர வேண்டாம், இல்ஃபோர்ட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டு மத்தியானம் வாருங்கள், ஆள் கேட்டால் அது அலுமாரி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பத்து மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அந்தக் கவுன்சில் பெண்மணி தாள் செருகிய எழுதுபலகையோடு படியில் நிற்கிறார். பின்னால், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, அண்ணை. அவரும் லீவு எடுத்திருந்தார்.

பெண்மணி அமைதியானவர். குசினியைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார், என் சின்ன அறையையும் அண்ணையின் பெரிய அறையையும் அளந்தார். பின்னறைக்கு வந்தோம். இது யாருக்கு என்று கேட்டார். எங்களுக்கு, என் மனைவிக்கும் மகளுக்கும் எனக்கும் என்றேன். விரிப்புக்குக் கீழே என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

அண்ணை விரிப்பைத் தூக்கிவிட்டார்.

பெண்மணி ஓரடி பின்னால் போனார். பிறகு ஓரடி முன்னால் வந்தார். அண்ணை தாழ்ந்த குரலில் முட்டைகளைக் காட்டினார், துடிப்பதைக் காட்டினார், இரண்டு பூட்டையும், தன் இடுப்பில் கிடந்த திறப்பையும் காட்டினார். பெண்மணி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, மன்னிக்க வேண்டும், இந்த அறையில் ஒரு பிள்ளை படுக்கலாம் என்று என்னால் எழுத முடியாது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கே தெரியும். ஆறு வருடமும் இந்த அறைக்குள் வந்து முட்டி நின்றது போலிருந்தது.

"நோ, நோ, மேடம்," என்றார் அண்ணை. "திஸ் ரூம், ஐ ஸ்லீப். ஃப்ரண்ட் ரூம், ஹிஸ் வைஃப், ஹிஸ் டோட்டர். பிக் ரூம். வெரி குட் ரேடியேட்டர்."

பெண்மணி என்னைப் பார்த்தார். உங்கள் ஏற்பாடு அப்படியா என்று கேட்டார்.

அந்த ஏற்பாட்டை நானும் அந்த நிமிடத்தில்தான் கேள்விப்பட்டேன். அப்படித்தான் என்றேன்.

கட்டில் முன்னறையில் இருக்கிறதே என்றார்.

"டுடே சேஞ்ச்," என்றார் அண்ணை.

பெண்மணி முன்னறைக்குத் திரும்பிப் போய், தான் எழுதிய அளவை இன்னொரு முறை சரிபார்த்தார். பின்னறைக் கதவுக்கு வெளியே உயரத்தில் ஒரு பூட்டுப் போட வேண்டும் என்றார். போகும்போது படியில் நின்று, முட்டை எப்போது பொரிக்கும் என்று அண்ணையைக் கேட்டார். ஆனிக் கடைசியில் என்பதை அண்ணை ஆங்கிலத்தில் சொல்லச் சிரமப்பட்டார். நான் சொன்னேன்.

கதவைச் சாத்தியதும் நான் கத்தினேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், கத்தினேன். "இதை மாசியில சொல்லியிருக்கலாம்தானே அண்ணை? மூண்டு மாசம்! மூண்டு மாசமா நான் உங்களோட மாரடிக்கிறன்! மனுசி அங்க என்ன நினைக்கிறாள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"நீர் அவளை எழுப்பச் சொல்லித்தானே கேட்டனீர்," என்றார். "என்னை எழும்பச் சொல்லிக் கேக்கேல்லையே. கேட்டிருந்தா அண்டைக்கே எழும்பியிருப்பன். எனக்கென்ன, நான் எங்கையும் படுப்பன்."



பின்னேரம் இருவருமாகக் கட்டிலைக் கழற்றினோம். பின்னறைக்குள் கட்டிலுக்கு இடமில்லை. மெத்தை மட்டும் போனது, கண்ணாடிப் பெட்டியோடு ஒட்டி. அவருடைய உடுப்புகள் ஒரு சூட்கேசுக்குள் அடங்கின. கதவின் உயரத்தில் பூட்டை மாட்டும்போது, "பிள்ளைக்குப் பத்து வயசெண்டா என்ன உயரம் இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் தன் கையை எட்டும் மட்டும் தூக்கி, அங்கே ஆணி அடித்தார்.

அவர்கள் மார்கழியில் வந்தார்கள். அதற்குள் முட்டைகள் பொரித்து, குட்டிகளில் பாதி போயிருந்தன. மீதிப் பாதிக்குச் சரியான வீடு அமையவில்லை. மனைவி வந்த நாளிலிருந்து அந்த அறைப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு சோற்றுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, மூன்று முறை தட்டிவிட்டு ஓடிவிடுவாள். மகள் இரண்டாம் வாரமே உள்ளே போய்விட்டாள். பிறகு அண்ணை தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். வீடு தேட ஒன்றரை வருடம் எடுத்தார். எந்த வீட்டின் ரேடியேட்டரும் அவருக்குத் திருப்தியில்லை.

ஆனால் இவை பிந்திய விஷயங்கள். அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், மே 12, புதன்கிழமை, ஐந்தரைக்கு எழுந்தபோது அண்ணை ஷிப்டுக்குப் போயிருந்தார். வழக்கம்போல வெப்பமானியைத்தான் முதலில் பார்க்க நினைத்தேன். கால் முன்னறைக்குப் போயிற்று. வெறும் அறை. தரைவிரிப்பில் அவர் கட்டில் கால்களின் நாலு பள்ளம். ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு சரி. யன்னல் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கொளுக்கி ஆடியது. கீழே போய்த் திருப்புளி எடுத்து வந்து அதை இறுக்கினேன். பிறகுதான் தேநீர் வைத்தேன்.